எண்பத்தேழு டிகிரி

குட்டாயிசி, ஆறாம் எண் பள்ளி,
வேதியியல் அறை.
தனிம அட்டவணையை மறைத்துத் தொங்குகிறது பேனர்:
உலகளாவிய கூட்டுக் கற்றல், இரண்டாம் நாள்.
ஒரு மூலையில் டேப் விட்டுப்போய்
இரும்பும் கோபால்ட்டும் எட்டிப் பார்க்கின்றன.

நான் ஆசிரியை இல்லை.
ஸ்பானிஷையும் ஆங்கிலத்தையும்
ஜார்ஜியனுக்குக் கடத்தித் தரும் நாள்கூலி.
நேற்று ஒருநாளில்
‘பங்களிப்பு’ என்ற சொல்லை மட்டும்
அறுபத்துமூன்று தடவை கடத்தினேன்.
தொண்டை கட்டிவிட்டது.

இன்று மாக்வாலா ஸ்லைடுகளைத் திறக்கவேயில்லை.
நனைந்த மழைக்கோட்டோடு வந்து
ஒரு பிஸ்கட் டின்னை மேசைமேல் கவிழ்த்தாள்.
உறைகள்.
உங்கள் வகுப்பில் யாரோ எழுதிய
ஒரு தப்பான விடையைக் கொண்டுவாருங்கள்
என்று முன்பே எழுதியிருந்தாளாம்.

"வேறு நாட்டுத் தப்பை எடுங்கள்.
அது எங்கே சரி என்று கண்டுபிடியுங்கள்.
இருபது நிமிஷம்."

லெசோத்தோவிலிருந்து ஒன்று:
நூற்று முப்பது பேர், நாற்பது இருக்கை,
எத்தனை பேருந்து வேண்டும்?
ஒன்று போதும். நாலு தடவை வந்துபோகும்.
ரெட்செலிசிட்ஸ்வே தோளைக் குலுக்கினார்:
"எங்கள் ஊரில் இருப்பதே ஒன்றுதான்."

பிலிப்பைன்ஸிலிருந்து ஒன்று:
நான்கு பருவங்கள் எவை?
மழை, வெயில், புயல், புயலுக்கான லீவு.

எஸ்தோனியாவிலிருந்து ஒன்று:
ஏழெட்டு ஐம்பத்துநாலு.
இதற்குத்தான் நேரம் போனது.
எட்டு நாட்டு ஆசிரியர்கள்
பென்சிலைக் கடித்தார்கள், வேறு எண் முறைகளில் பார்த்தார்கள்,
யாரோ முட்டை உடைந்திருக்கலாம் என்றார்கள்.
கடைசியில் ஏகமனதாகத் தீர்மானம்:
இது எல்லா நாட்டிலும் தப்பு.
கைதட்டினோம்.

அப்புறம் உர்வே ஒரு காகிதத்தைப் பிரித்தாள்.
தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?
எண்பத்தேழு.
மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி,
தாளின் மறுபக்கம்வரை அழுந்தியிருந்தது.

எங்கள் மொழியில் எண்பத்தேழு என்று ஒரு சொல் கிடையாது.
நாலு இருபதும் ஏழும் என்போம்.
அப்படித்தான் சொன்னேன்.
மாக்வாலா திரும்பிப் பார்த்தாள்.

உர்வேயின் நாட்டில்
முந்நூறு மீட்டர் குன்றுக்கே மலை என்று பெயர்.
அவள்தான் ஓரத்தில் கணக்குப் போட்டாள்:
"இந்தப் பிள்ளை
நாலாயிரம் மீட்டர் உயரத்தில் நின்று கொதிக்கவைத்திருக்கிறது."

நிக்காசியோ சோக்கே அதுவரை வாய் திறக்கவில்லை.
எல் ஆல்டோவின் அறிவியல் ஆசிரியர்.
"நான் அங்கேயே பிறந்தவன்" என்றார்.
"என் வீட்டு உருளைக்கிழங்கு வேக எவ்வளவு நேரமாகும்
என்று எனக்குத் தெரியும்.
ஆனால் புத்தகத்தில் நூறு என்று இருந்தது."
கொஞ்சம் பொறுத்து,
"அந்தச் சிவப்பு என்னுடையது."

இதை நான் மெதுவாகத்தான் மொழிபெயர்த்தேன்.
முடித்தபின் எவரும் உடனே பேசவில்லை.
லிகாயா அவர் பக்கம் பிஸ்கட்டை நகர்த்தினாள்.

இங்கே மாலை நாலு என்றால் அங்கே காலை எட்டு,
முதல் மணி அடித்திருக்கும்.
வராந்தாவில் போய்
மூன்று தடவை டயல் செய்தார்.
ஒலிபெருக்கியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம்,
யாரோ ஸுல்மாவைக் கூப்பிடும் சத்தம்.

"உன் விடை சரி, ஸுல்மா.
நான் தப்பாகத் திருத்திவிட்டேன்."

"தெரியும் சார்.
இரண்டு தடவை அளந்தேன்.
மார்க் போடுவீங்களா?"

உள்ளே மாக்வாலா
அலமாரியைக் குடைந்து
ஒரு வெப்பமானியை எடுத்திருந்தாள்.
தேநீர்க் கெட்டில் முனகத் தொடங்கியது.
எல்லாரும் குனிந்தார்கள்,
கண்ணாடியில் ஆவி படிய,
உர்வே கைக்குட்டையால் துடைத்தாள்.

"என்ன காட்டுகிறது?"

நாலு இருபதும் பத்தொன்பதும்,
அதற்குமேல் ஒரு அரை.
நூறு வரவில்லை.

மாக்வாலா இருபத்தாறு வருஷமாக
இந்தப் பள்ளியில் இருக்கிறாள்.
கெட்டிலை அணைக்காமல்
இன்னொரு தடவை பார்த்தாள்.