ஒன்றுக்குக் கீழே

ஹிசாயே குராமோச்சி பங்கு வாங்குவது
சலவைக்கூடத்தில் இரவுப் பணி முடிந்து
கையில் கஞ்சி வாசனை போகுமுன்.

ஒசாகாவின் கிழக்கே, ரயில் பாலத்தின் அடியில்
ஒற்றை மேசை கொண்ட வீடு.
மேசைமேல் கம்பெனிகளின் கையேடு,
தலைக்கு வைத்துத் தூங்கலாம், அவ்வளவு தடி.
இத்தனை பேரையும் ஒரே கோலால் அளக்கலாம்
என்றுதான் முதலில் நினைத்தாள்.

விலையை லாபத்தால் வகுத்தாள்.
பதினாறு வந்தது, ஒன்பது வந்தது,
ஒருநாள் மூன்று வந்தது.
மூன்றைப் பார்த்தவளுக்குப் பகல் தூக்கமும் போயிற்று.
அது கப்பல் கம்பெனி.
அந்த வருடம் கடலே அதன் கட்சியில் இருந்தது.
அடுத்த வருடம் கடல் கட்சி மாறிவிட்டது.
கோட்டுக்கு மேலே விலை சரிந்தது,
கோட்டுக்குக் கீழே லாபம் அதைவிட வேகமாய்.
மூன்று நாற்பதானது,
விலை பாதியாகிவிட்ட பிறகும்.
படம் எடுத்த அன்று மட்டும்
லாபம் தலைவாரிப் பொட்டு வைத்து நின்றிருந்தது.
அவள் அதைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

இஸ்திரி மேசையில் எதிரே நிற்கும் தொக்கிவா சொன்னான்:
"ஈவுத்தொகையைப் பார். கைக்கு வராத காசு காசே இல்லை."
நூற்றுக்கு எட்டு தந்த ஒன்றை அவன் வைத்திருந்தான்.
கடன் வாங்கி விருந்து போட்ட வீடு அது.
மார்ச் மாதம்
பந்தியில் பாதியிலேயே இலையை எடுத்தார்கள்.
அன்று அவன் மடித்த படுக்கை விரிப்புகளில்
ஒன்றுகூட நேராயில்லை.

பிறகுதான் புத்தக மதிப்பு.
இருப்பதையெல்லாம் கூட்டி, கொடுக்கவேண்டியதைக் கழித்து,
மிச்சத்தால் விலையை வகுப்பது.
ஒன்றுக்குக் கீழே வந்தால் மலிவு.
நட்டும் போல்ட்டும் செய்யும் ஒரு பழைய கம்பெனிக்கு
பூஜ்யம் புள்ளி நான்கு வந்தது.
வங்கியில் கிடக்கும் ரொக்கமே
மொத்தப் பங்குகளின் விலையைவிட அதிகம்.
நூறு யென் உள்ள பர்ஸை
அறுபது யென்னுக்கு விற்கிறார்கள்,
திறக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

நூறு பங்கு வாங்கினாள்.
இரண்டு வருடம் நான்கு நான்காகவே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, பணி முடிந்த கையோடு,
பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள்.
வேலிக்குள் நூற்றிருபது சைக்கிள் நிறுத்த இடம்.
நின்றவை இருபத்தொன்பது.
சுற்றிலும் பதினைந்து மாடிக் குடியிருப்புகள்.
நடுவில் இந்த மனை,
போருக்கு முன் வாங்கியது,
புத்தகத்தில் இன்றைக்கும் அன்றைய விலை:
சதுர அடி ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்குக் காணாது.
அப்படியென்றால் இது நான்கே அல்ல!
இரண்டு, ஒருவேளை அதற்கும் கீழே.
குளிரிலும் அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது.

வாசலில் குந்தி ஒருவர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.
தலைவர் நிஷிகோரி அவர்தான் என்று
சட்டைப்பை அட்டை சொன்னது.
"ஆர்டர் கொடுக்கவா?"
"பங்கு வைத்திருக்கிறேன்."
நூறு பங்குக்கு அந்த வணக்கம் மிக அதிகம்.
"இந்த இடத்தை விற்கிற எண்ணம் உண்டா?"
பிடுங்கிய களையின் வேரில் மண்ணை உதறினார்.
"முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள்."
"நான் இருபத்தொன்பது எண்ணினேன்."
"இரண்டு பேர் நடந்து வருகிறவர்கள்."

திரும்பும் ரயிலில் அவள் கணக்குப் போட்டாள்.
அந்த இரண்டு என்றைக்காவது ஒன்றாக வேண்டுமானால்
வேலிக்குள் ஒரு சைக்கிளும் இருக்கக் கூடாது.
புத்தகத்தில் எந்தப் பக்கமும் இதைச் சொல்லவில்லை,
மறைக்கவும் இல்லை.

விற்கவில்லை. மேற்கொண்டு வாங்கவும் இல்லை.
நோட்டில், கடன் என்ற பத்திக்கும்
ஈவு என்ற பத்திக்கும் இடையே
ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு இழுத்தாள்.
சைக்கிள் 29. நடை 2.

ஒவ்வொரு பத்தியின் தலையிலும்
ஒரு சிறிய அம்புக்குறி போடுவது அவள் வழக்கம்,
கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்று.
இந்தப் பத்திக்கு
இன்னும் போடவில்லை.