இரண்டாம் பாதி

சவரிராயன் வேலைக்கு வந்தது ரசாயனக் கூடத்துக்கு.
குடுவை கழுவி, அமிலம் அளந்து வைக்கிற வேலை.
காற்பந்துக்கு ஆள் இல்லையென்று
முதல்வர் ஒரு விசிலைக் கையில் கொடுத்தார்,
மாதம் நாற்பது வெள்ளி கூடுதல்.
அடுத்த ஆண்டு கூடைப்பந்தும் சேர்ந்தது.
வெள்ளி நாற்பதிலேயே நின்றது.

கூடைப்பந்தில் அவருக்குத் தெரிந்தது
பந்து உருண்டை என்பது மட்டும்.
விதிப்புத்தகம் சீனத்தில்.
தெங் ஹுவாட் வாசித்து மலாயில் சொல்வான்,
காசிம் அந்த மலாயைத் திருத்துவான்,
இவர் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்வார்:
"பந்தோடு நடக்கக் கூடாது. பிறகு எப்படிப் போவது?"

வளையம், சுங்கை ரோட்டில் வாங்கிய பீப்பாய்ப் பட்டை.
அரை அங்குலம் சாய்ந்திருந்தது.
பையன்கள் அந்தச் சாய்வுக்கே பழகி
நேரான வளையங்களில் வரிசையாகத் தோற்றார்கள்.
ஏழு ஆட்டம். புள்ளி எழுதியவள் நான்.
புக்கிட் தீமா மழை நான்கு மணிக்கு வரும்,
நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன்.
அலுவலகத் தட்டச்சுக்காரிக்குத் திடலில் என்ன வேலை
என்று கேட்டவர்களிடம்
"கணக்கில் தப்பு வராது" என்றார்.
அவ்வளவுதான் சிபாரிசு.

ஐம்பத்தெட்டு, ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை.
ஜாலான் புசாரில் காற்பந்து இறுதி, நான்கரைக்கு.
ஹேப்பி வேர்ல்டில் கூடைப்பந்து இறுதி, ஐந்துக்கு.
தேதி குறித்தவை வேறு வேறு சங்கங்கள்;
இரண்டுக்கும் ஒரே ஆள் என்று யாருக்குத் தோன்றும்?

அங்கே இடைவேளையில் இரண்டு கோல் பின்னால்,
பக்கிரிசாமி பிறகு சொன்னது.
ஆரஞ்சுச் சுளைகளைக் கொடுத்தார்,
ஏதோ சொல்ல வாயெடுத்தார், மணி பார்த்தார்,
"நீங்களே பாத்துக்குங்கப்பா" என்று
உரிமம் இல்லாத டாக்சி ஒன்றில் ஏறிவிட்டார்.

இங்கே ஒன்பது புள்ளி முன்னால் இருந்தோம்.
அவர் வந்தார்.
கத்தினார். ஆளை மாற்றினார். மறுபடி மாற்றினார்.
கடைசி நிமிடத்தில் நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று.
எதிரணிக்கு ஒரு தனி வீச்சு.
பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி உள்ளே விழ,
வீசியவன் கால் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று
தகரக் கூரையே இரண்டாகப் பிரிந்து கத்தியது.
நடுவர் என் மேசைக்கு வந்தார்.
நான் பார்த்திருந்தேன். தொடவில்லை.
பென்சில் ஒன்று போட்டது.

சவரிராயன் குனிந்து
அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"சரி" என்றார். புகார்த்தாள் கேட்கவில்லை.

இரவு எட்டுக்குத்தான் செய்தி வந்தது,
பக்கிரிசாமியின் சைக்கிளில், சேறும் சிரிப்புமாக:
மூன்றுக்கு இரண்டு. காற்பந்துக் கோப்பை நமக்கு.
அவரும் சிரித்தார்.
பிறகு வெகுநேரம் விசிலை
உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆண்டறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன்.
"காற்பந்து: பயிற்றுநர் இல்லாமல் வென்றது.
கூடைப்பந்து: பயிற்றுநர் இருந்தும் தோற்றது."
இரண்டாவது வரியை அடிக்கச் சொன்னார் முதல்வர்.
அடித்தால் இரண்டையும் அடியுங்கள் என்றார் இவர்.

அதன் பிறகு பதினொரு பருவம்.
இடைவேளை முடிந்ததும்
ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கச்சாங் பூத்தேக்காரரிடம் போய் நிற்பார்,
கூம்புத்தாளில் ஐந்து காசுக்குக் கடலை.
சத்தத்தை வைத்தே கோல் எண்ணுவார்,
பெரும்பாலும் தப்பாக. என்னிடம் வந்து சரிபார்ப்பார்.
மொத்தம்: வெற்றி தொண்ணூற்றிரண்டு,
தோல்வி எண்பத்தெட்டு, சமன் முப்பத்தொன்று.
யாரும் மாலை போடுகிற கணக்கு இல்லை.

அறுபத்தொன்பதில் திடலை அளக்க ஆட்கள் வந்தார்கள்.
சாலை வரப்போகிறதாம்.
விசிலை அமில அலமாரியின் ஆணியில் மாட்டிவிட்டு
குடுவைகளுக்கே திரும்பினார்.

ஒருநாள் சம்பளச் சீட்டு கொடுக்கப் போனேன்.
"அந்தப் பையன் கால்," என்றார்,
"கோட்டைத் தொட்டுச்சா?"
"தொடலை சார்."
"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."
குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"இந்த வெள்ளைக் கறை மட்டும்
எதுல கழுவினாலும் போக மாட்டேங்குது, பாருங்க."