எழுபத்திரண்டரை

லென்சின் வாயில் வெர்னியரை வைத்தேன்.
எழுபத்திரண்டரை.
மூச்சைப் பிடித்து இன்னொரு தரம்.
எழுபத்திரண்டரைதான்.
உலகத்தில் அறுபத்தேழு உண்டு, எழுபத்திரண்டு உண்டு,
எழுபத்தேழும் உண்டு.
இது எந்த நாட்டுக் கணக்கோ.
திருகும் வெட்டவில்லை, வழவழவென்று ஒரு விளிம்பு.

ஹம்ரியா யார்டில் அரை மில்லிமீட்டர் பிசகினால்
முழுக் குழாயையும் திருப்பி அனுப்புகிறவன் நான்.
சிவப்புச் சாக்கால் குறுக்கே கிழித்து
கீழே கையெழுத்தும் போடுவேன்.
இந்த மாதம் எனக்கு யாரோ கிழிக்கிறார்கள்.

போலந்துக்குப் போன எஞ்சினியர் விட்டுப்போனது:
மரப்பெட்டி, தோல் துருத்தி,
உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடி,
ஒரே ஒரு லென்ஸ்.
ஃபில்டர் இல்லை.

மூன்று வெள்ளிக்கிழமை தேரா முழுக்க நடந்தேன்.
ஃபில்டர் என்றதும்
ஏசிக்கானதை எடுத்து வைத்தான் ஒருவன்.
"மொபைலுக்கா?" என்றான் அடுத்தவன்.
"அங்ஙனெ ஒரு சைஸ் இல்லா சேட்டா"
என்று சொன்னவன் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டான்.
அவனே பிஸ்கட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து
உடைந்த ஃபிளாஷ்களுக்கு நடுவிலிருந்து
ஒரு சிவப்பு வட்டத்தை எடுத்தான்.
எழுபத்தேழு. பதினைந்து திர்ஹம்.

லென்சில் வைத்தால் லொடலொடத்தது.

பின்னால் ஒட்டிவிடலாம் என்றார்கள்.
ஒட்டலாம், ஃபோகஸ் மயிரிழை நகரும்.
கேம்ப் வாசலில் பஞ்சர் ஒட்டும் ஷஃபிக்குல்
பழைய சைக்கிள் டியூபில் ஒரு கீற்று வெட்டித் தந்தான்.
விளிம்பில் ஒரு சுற்று சுற்றி
ஃபில்டரை அமுக்கினேன்.
உட்கார்ந்துகொண்டது.
யார்டில் இப்படி ஒன்றைக் கண்டால்
செய்தவன் மேல் எழுதிக் கொடுத்திருப்பேன்.

முதலில் வந்து உட்கார்ந்தவன் வேதமுத்து, வெல்டர்.
நாசரேத்தில் பெண் வீட்டார் படம் கேட்கிறார்கள்.
"கொஞ்சம் வெளுப்பா வருமாண்ணே?"
வரும். சிவப்புக்கு அந்தப் புத்தி உண்டு.
வானத்தைக் கறுப்பாக்கும், தோலை வெளுப்பாக்கும்.
ஆனால் எட்டு மடங்கு வெளிச்சம் கேட்கும்.
அசையாமல் இரு என்றேன்.
தண்ணீர் டாங்க் நிழலில்
ஒன்று, இரண்டு என்று நான் எண்ண
வெல்டிங் பொறிக்கு இமைக்காதவன்
இமைக்காமல் இருந்தான்.

ஆகஸ்ட் மாதம்.
பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் டீ போடலாம்.
மெஸ்ஸில் ஐஸ் வாங்கி
பாத்ரூம் கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகி
இருட்டில் அவனைக் கழுவி எடுத்தேன்.
வெளியே ஐந்து பேர் வாளியோடு நின்று
என் பரம்பரையைத் திட்டினார்கள்.

படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.
"நல்லாத்தான் இருக்கான்.
யாரு இவன்?"

பிறகு தன் இடது கன்னத்தைத் தொட்டான்.
ஒரு திர்ஹம் காசு அளவுக்குத் தீக்காயம்,
இன்னும் செம்மண் நிறம்.
படத்தில் அந்த இடம் மாவு பூசியதுபோல் இருந்தது.
சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு தெரியாது,
அதைத்தான் முதலில் தின்னும் என்றேன்.

"அதுக்குத்தாண்ணே கம்பெனி ரெண்டாயிரம் குடுத்தான்.
இதப் பாத்தா திருப்பிக் கேப்பான்."
சிரித்தான். ஐந்து வாளிகளும் சிரித்தன.

சிரிப்பு அடங்கியபின் மெதுவாகச் சொன்னான்:
"அவ ஏர்போர்ட்ல இவனத் தேடுவா.
நான் பக்கத்துல நிப்பேன்."

அடுத்த வெள்ளி
அதே டாங்க் நிழல், அதே நாற்காலி.
கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி
அவனாகவே உட்கார்ந்தான்.
ஃபில்டரைக் கழற்றப் போனேன்.
வரவில்லை.
வெயிலில் இளகி விளிம்போடு ஒட்டியிருந்தது டியூப்.
ஒரு மாதம் தேடிப் பொருத்தியதை
நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தேன்.
அவன் அசையாமல் இருந்தான்,
நான் எண்ணத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்து.