காரணம் தேர்க

மல்லாவிப் பக்கம் மாதத்தில் ஒருதரம்
என் மோட்டார் சைக்கிள் வரும்.
பெட்டியைப் பார்த்து, இலக்கத்தைக்
கைமெசினில் தட்டிவிட்டுப் போகிறவன் நான்.
ஒரு மீற்றருக்கு இருபது விநாடி,
படலையில் நாய் நின்றால் இன்னும் குறைவு.

புரட்டாதியில் அந்தப் பள்ளிக்கூடத்தில்
எனக்கு முன்னால் ஆறாம் வகுப்பு நின்றது.
"பொறுங்கோ, எண்ணிக்கொண்டிருக்கிறம்"
என்றாள் யதுர்சிகா, பெட்டிக் கண்ணாடியில் மூக்கு முட்ட.
எல்லாச் சுவிச்சும் நிப்பாட்டியாயிற்று,
அதிபரின் காற்றாடியும்.
அவர் வேர்த்தபடி வாசலுக்கு வந்துவிட்டார்.
ஆனாலும் உள்ளே தட்டுச் சுற்றியது.
சிவப்புக் கோடு வந்தது, போனது, வந்தது.
நிமிசத்துக்கு ஒன்பது.

"ஆரோ தின்னினம்" என்றான் கபிசன்.

பதினேழு வருசமாய் மீற்றர் வாசிக்கிறேன்.
ஆர் தின்னுகினம் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

தேடிப் போனார்கள். நானும் பின்னால்.
நூலகம் இல்லை. கணினி அறை இல்லை.
மலசலகூடத்துக்குப் பின்பக்கம், பாலை மரத்தடியில்
தகரக் கொட்டிலுக்குள்
மோட்டர் தன்பாட்டில் இருமிக்கொண்டிருந்தது.
மேலே தாங்கி நிரம்பி, பாசிச் சுவரால் இறங்கி
மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது தண்ணீர்,
வவுனிக்குளத்தின் வயிறு
வெடித்துக் கிடக்கிற புரட்டாதியில்.

மிதவை உடைந்து எத்தனை மாதமோ.

ஐந்து லீற்றர் பெயின்ற் வாளி,
டிலக்சனின் மணிக்கூடு:
இருபத்திரண்டு விநாடியில் வாளி நிறைந்தது.
கொட்டில் கதவில் சோக்கால் பெருக்கினார்கள்.
பூச்சியம் இரண்டுதரம் பிழைத்தது.
ஒரு பள்ளிநாளுக்கு
நாலாயிரத்துத் தொளாயிரத்துச் சொச்சம் லீற்றர்.
கொஞ்சநேரம் மோட்டர் மட்டும் பேசியது.

கபிசன் சுவிச்சில் கைவைத்தான்.
வைத்தபடியே நின்றான்.
அந்த ஈரத்தில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது,
நாலு, சேறு பூசின வயிறுகள்.
"இதுகள் எங்க குடிக்கும்?"

கதவுக் கணக்கில் அதற்கு இடம் விடவில்லை.
அரை மணித்தியாலம் சண்டை.
ஒருத்தி அழவும் செய்தாள்.
கடைசியில், குறுக்கே வெட்டின போத்தல்கள்,
காலையில் அரை வாளி,
முறைக்கு முறை பெயர் எழுதின கொப்பித்தாள்.
பிறகுதான் மோட்டர் நின்றது.
எல்லாரும் பெட்டிக்கு ஓடினோம்.
சிவப்புக் கோடு
கண்ணாடியின் நடுவுக்கு வந்து
நின்று
எங்களைப் பார்த்தது.

ஐப்பசி முதல் மழைக்குள் திரும்பப் போனேன்.
இலக்கத்தைத் தட்டியதும் மெசின் கீச்சிட்டது:
நுகர்வு குறைவு. காரணம் தேர்க.
ஒன்று, கதவு பூட்டு.
இரண்டு, நாய்.
மூன்று, மீற்றர் பழுது.
நாலு, களவென்று சந்தேகம்.
ஐந்து இல்லை.

வகுப்புக்குள் ஆரோ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
குட்டி ஒன்று வந்து
என் சப்பாத்து நாடாவைக் கடித்து இழுத்தது,
நல்ல கொழுத்த குட்டி.

இரண்டை அழுத்தினேன்.