ஏமாந்தவர் தேவை

ஷெஃபீல்டில், ஒரு பஸ்ஸின் முதுகில்
மழையோடு மழையாக என் முகம் போனது.
வாய் பிளந்து, கழுத்து நரம்பு புடைத்து,
நான் தொட்டே இராத முழங்கால் தைலப் போத்தலை
என் கையே ஏந்தியபடி.

அது எண்ணூறு மீற்றரின் கடைசி வளைவு.
நான் நாலாவதாக வந்த ஓட்டம்.
முன்னால் ஓடிய மூவரையும்
யாரோ ஒருவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்
அழித்து முடித்திருக்கிறான்.
விளிம்பில் ஒரு முழங்கை மட்டும் தப்பியிருந்தது.
வென்றவளின் முழங்கை.

"முகத்தைக் களவெடுத்துவிட்டார்கள்" என்றேன்.
வழக்கறிஞர் ஹெதர் பின்டர் பேனையை மூடினார்.
"இந்த நாட்டில் அப்படியொரு களவு இல்லை.
கடலைத் தாண்டி பிரான்சுக்குப் போனால்
முகம் முகத்துக்காரருக்கே சொந்தம்.
இங்கே பொய்க்கு மட்டும்தான் வழக்கு.
நீங்கள் சிபாரிசு செய்தீர்கள் என்று நம்பி
வாங்கியவர்கள் வேண்டும்.
ஏமாந்த ஒருவரையாவது கொண்டுவாருங்கள்."

என் முகம் என்னுடையதென்று நிறுவ
என்னால் ஏலாது.
என்னைப் பெற்றவர்களாலும் ஏலாது.
பிழையாக நம்பிய
ஓர் அந்நியர் வேண்டும்.

மூன்று மாதம் தேடினோம்.
சிலர் மலிவென்று வாங்கியிருந்தார்கள்.
ஒருத்தி மூடியின் நிறத்துக்காக.
ஒருவர் என்னை வேறொரு ஓட்டக்காரி என்று நினைத்து.
அவள் என்னைவிட ஒரு சாண் உயரம், நைஜீரியத் தாய்க்குப் பிறந்தவள்.
அவருக்கு நாங்கள் எல்லாரும் ஒன்று.

கடைசியில் ரொதரமில் அகப்பட்டார்
கிளிஃபர்ட் ஹின்ச்லிஃப், ஓய்வுபெற்ற பஸ் சாரதி.
ஆறு போத்தல். பற்றுச்சீட்டோடு.

சாட்சிக் கூண்டில் நின்று சொன்னார்:
"அந்தப் பிள்ளை பொய் சொல்லாது என்று நினைத்தேன்.
அப்படியொரு முகம்."
எதிர்த்தரப்பு எழுந்து கேட்டது: நோ மாறியதா?
"மாறியது" என்றார், முழங்காலைத் தட்டி.
நீதிபதி இருமுவதுபோல் சிரித்தார்.

ஆறு வாரம் கழித்து வென்றோம்.
நாற்பத்தொரு பக்கத் தீர்ப்பில்
நற்பெயர் இருந்தது, சந்தை இருந்தது, நட்டம் இருந்தது.
முகம் ஒரே ஒரு தடவை, அடிக்குறிப்பில்.
முழங்கையைப் பற்றி
ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் எனக்கு ஞாபகம் நிற்பது
சாட்சி சொன்ன அன்று காலை.
நீதிமன்றத்தின் பாரக் கதவை
எனக்காகத் தோளால் தாங்கியபடி
ஹின்ச்லிஃப் என்னை நேரே பார்த்தார்.
ஓடாத முகம். மூடிய வாய்.

"நீங்களும் சாட்சியோ, பிள்ளை?"

ஓம் என்றேன்.