இடது காது

கிண்டியில் ஏறுவாய், வினோலியா.
சைதாப்பேட்டைப் பாலம் வருமுன்
இயர்போனின் ஒரு முனை உன் காதில்.
வலது எப்போதும் உனக்கு,
இடது எனக்கு.

லஸ் நடைபாதையில்
நாற்பது ரூபாய்க்கு வாங்கிய கவிதைப் புத்தகத்தில்
யாரோ பென்சிலால் கோடிட்ட வரிகளையே
நம்முடையதென்று வாசித்தோம்.
படத்துக்கும் தாமதமாகவே போவோம்.
திரையில் அவர்கள் எப்படிச் சந்தித்தார்களோ
இன்றுவரை தெரியாது.
பிரிந்தது தெரியும்.

நேற்று வேளச்சேரி ஷேர் ஆட்டோவில்
இரண்டு ஸ்பீக்கரிலும் நம் பாட்டு.
பழைய பதிவு. குரலை ஒரு பக்கமும்
வாத்தியத்தை மறுபக்கமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.
இரண்டு வருஷமும் நான் கேட்டது
வெறும் வயலின்.
பாடியவள் முழுக்க
உன் பக்கம் இருந்திருக்கிறாள்.

போகாதே என்றெல்லாம் இல்லை.
குடை எடுத்துக்கொண்டாயா என்கிறாள்,
மூன்று தடவை.

மாம்பலத்தில் நான் இறங்கும்போது
நீ அதையேதான் கேட்பாய்.
மே மாத வெயிலில்.
நான் சிரித்துக்கொண்டே
படியில் கூட்டத்தோடு கரைவேன்.

"சில்லறையா குடு சார்."
விஜயநகர் எப்போதோ
தாண்டியிருந்தது.