பொத்தானைத் தொடாதே

யாகுட்ஸ்கில் கண்ணாடி போட்டவன்
எந்த வீட்டுக்குள்ளும் குருடனாகத்தான் நுழைவான்.
வெளியே மைனஸ் நாற்பத்தாறு.
உள்ளே ரேடியேட்டர், அடுப்பில் சூப்.
கதவைச் சாத்தியதும் இரண்டு வில்லைகளும் வெளுத்துவிட,
பூட்ஸைக் கழற்றியபடி குரல் வந்த பக்கம் திரும்பினேன்.

"மாஸ்டர், கம்ப்யூட்டர் செத்துவிட்டது" என்றாள் துயாரா.

என்னிடம் யாரும் பழுது என்று சொல்வதில்லை.
செத்துவிட்டது,
இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிட்டது.
போன வாரம் செத்த ஒன்றுக்கு மானிட்டர் வயர் கழன்றிருந்தது.
பைத்தியம் பிடித்த ஒன்றில்
என்டர் விசைக்கடியில் மீன் செதில்.
வைரஸ்தான் என்று சத்தியம் செய்தார் ஒரு கணக்கு வாத்தியார்.
விசிறியைப் பிரித்தேன்:
மூன்று வருடத்துப் பூனை முடி.

"எங்கிருந்து வந்தது இது?"

"அவன் வீட்டிலிருந்து. பாகம் பிரித்தாயிற்று.
சோபா அவனுக்கு, இது எனக்கு.
உருளைக்கிழங்குச் சாக்கில் போட்டு
மூன்று பஸ் மாறினேன்.
வந்ததும் பொத்தானை அழுத்தினேன். அசையவே இல்லை."

பெட்டியைத் தடவினேன். விரல் ஒட்டிக்கொண்டது.
தகரத்தில் நரைமுடிபோல் உறைபனி முளைத்திருந்தது.
வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்,
மேஜைக்கடியில், நாற்காலிக் காலைச் சுற்றி,
ப்ளக் தரையில் கிடந்தது.

இருபது வருடமாக நான் திட்டித் தீர்த்த அசட்டுத்தனம்
இன்று ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

"என் கண்ணாடியைப் பார்" என்றேன்.
"இதே ஈரம் இப்போது அதற்குள்ளும்.
தண்ணீர் இருந்தால்
மின்சாரம் போட்ட பாதையில் போகாது, குறுக்கே பாயும்.
நான்கு மணி நேரம். தொடாதே."

நாளை காலை ஒன்பதுக்கு
அவள் கணக்கெழுதும் மூன்று மீன் கடைகளின் வரிக் கணக்கு
போய்ச் சேர வேண்டும்.
அத்தனையும் அதற்குள்.
நான் போய்விட்டு வந்திருக்கலாம்.
அவள் கண் பொத்தான்மேலேயே இருந்தது. போகவில்லை.

பக்கத் தகட்டைத் திறந்துவைத்தேன்.
ராம் பட்டையின் நுனியில் ஒரு துளி
விழலாமா வேண்டாமா என்று நின்றது.
மகன் எர்ச்சிம் போர்வை கொண்டுவந்தான்.
"வேண்டாம்டா. போர்வை சூடு தராது,
இருப்பதைத்தான் காக்கும்.
குளிர் இருந்தால் குளிரை."
அவன் யோசித்தான்.
போர்வையைத் தானே போர்த்திக்கொண்டான்.

பால்கனியில் நிமிர்ந்து நின்ற மீனை எடுத்துவந்து
துயாரா சுருள் சுருளாகச் சீவினாள்.
உப்பில் தோய்த்துத் தின்றோம்.
அவனைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்:
"எது நின்றாலும் ஓங்கித் தட்டுவான்."
நான் ஒன்றும் கேட்கவில்லை.
துளி விழுந்தது.

பதினொன்று அடிக்கச் சில நிமிடம்.
உள்ளங்கையால் தடவினேன், உலர்ந்திருந்தது.
ப்ளக்கைச் சொருகி "இப்போது அழுத்து" என்றேன்.
ஒரு 'பீப்'. விசிறி சுற்றியது.
திரையில் தேதி: 2009, ஜனவரி ஒன்று.
குளிரில் போனது காசளவு பாட்டரி மட்டும்.
மார்போடு ஒட்டிய சட்டைப்பையில்
நான் எப்போதும் நாலைந்து வைத்திருப்பேன்.
மாற்றினேன். மணி என்ன என்றேன்.
போர்வைக்குள்ளிருந்து குரல்: "பதினொன்று பத்து."

கணக்குகள் இருந்தன. எல்லாம் இருந்தன.

"எவ்வளவு?"
"பாட்டரிக்கு நூறு ரூபிள்."
"உட்கார்ந்திருந்ததற்கு?"
"அதற்கு விலைப்பட்டியலில் இடமில்லை."
செய்தித்தாளில் சுற்றிய மீன் ஒன்று என் பைக்குள் போனது,
தலை வெளியே தெரிய.

படியிறங்கும்போது போன்.
ஹரித்தோன், நாலாவது தெரு.
"மாஸ்டர், பிரின்டர் செத்துவிட்டது."
"ப்ளக்?"
நெடிய மௌனம்.
எதையோ இழுக்கும் சத்தம், ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு தூரத்தில்
பிரின்டர் தொண்டையைச் செருமிக்கொண்டது.